அளவுகோலாகிப்போன ஆய்வு: மேரி ஜீன் ஹேரல்டும் மேற்கோள் கணக்கும்

மென்பொருள் பொறியியல் ஆய்வாளர் மேரி ஜீன் ஹேரல்ட் 2013 செப்டம்பரில் மறைந்தார். அவருடைய கட்டுரைகளை மேற்கோள் காட்டுவோரின் கணக்கு அதோடு நின்றுவிடவில்லை, ஏறிக்கொண்டே வருகிறது. மென்பொருள் சோதனைத் துறையில் அவர் தம் மாணவர்களோடும் சக ஆய்வாளர்களோடும் சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் சில, கூகுள் ஸ்காலர் கணக்கில் தனித்தனியே ஆயிரம் மேற்கோள்களைத் தாண்டியவை. அவர் உயிரோடு இருந்தபோதே, 2007-இல், ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் வந்த ஒரு தரவரிசை மென்பொருள் பொறியியல் ஆய்வாளர்களில் அவருக்கு முதலிடம் தந்தது. அந்த வரிசை மேற்கோள்களை எண்ணிப் போட்டதல்ல. தேர்ந்தெடுத்த இதழ்களிலும் மாநாடுகளிலும் யார் எத்தனை கட்டுரை வெளியிட்டார்கள் என்று எண்ணிப் போட்டது. ஆக, அவர் எவ்வளவு எழுதினார் என்பதற்கு ஒரு கணக்கும், அவர் எழுதியதை எத்தனை பேர் சுட்டினார்கள் என்பதற்கு இன்னொரு கணக்கும் நம்மிடம் உண்டு. இரண்டிலும் அவர் உயரத்தில்தான் நிற்கிறார். இந்த எண்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்பதுதான் கேள்வி. மேற்கோள் எண்ணை ஓர் ஆய்வின் சரித்தன்மைக்கோ பயனுக்கோ அளவாகக் கொள்வது தவறு என்பது என் வாதம். தங்கள் வேலையை இந்த வேலையின் பக்கத்தில் வைத்து எத்தனை பேர் அளந்து பார்த்தார்கள் என்பதையே அது முதன்மையாகச் சொல்கிறது. ஹேரல்டின் ஆய்வு வாழ்க்கையைப் போல் இதைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இந்தத் துறையில் அரிது.

அவர் 1947-இல் பிறந்தவர். மார்ஷல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, பல ஆண்டுகள் பள்ளியில் கணித ஆசிரியராக வேலை பார்த்த பிறகே கணினியியலுக்கு வந்தார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மேரி லூ சோஃபாவின் வழிகாட்டலில் 1988-இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மற்றவர்கள் பேராசிரியர் பதவியில் நிலைபெறும் வயதில் அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கிளெம்சன், ஒஹாயோ ஸ்டேட் ஆகிய பல்கலைக்கழகங்களில் பணியாற்றிவிட்டு ஜார்ஜியா டெக்கில் சேர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தார். முனைவர் பட்டத்திலிருந்து மறைவு வரை கணக்கிட்டால் இருபத்தைந்து ஆண்டுகள். கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவற்றின் மேற்கோள்களையும் ஒரே எண்ணில் சேர்க்கும் எச்-இண்டெக்ஸ் போன்ற அளவீடுகள் பணிக்காலம் நீள நீள வளர்வதற்கென்றே அமைந்தவை. காலம் கழித்துத் தொடங்கி முன்கூட்டியே முடிந்துபோன ஒரு வாழ்க்கையை அவற்றில் பொருத்திப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி வெளிப்பார்வைக்குச் சிறியதாகத் தெரியும். ஒரு மென்பொருளில் சின்ன மாற்றம் செய்கிறோம். அந்த மாற்றம், ஏற்கெனவே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எதையாவது கெடுத்துவிட்டதா? அதைத் தெரிந்துகொள்ளப் பழைய சோதனைகள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பதைத்தான் ரிக்ரெஷன் டெஸ்டிங் என்கிறார்கள். மென்பொருள் வளர வளரச் சோதனைகளும் சேர்ந்துகொண்டே போகும். பழையதை நீக்க யாருக்கும் துணிவு வராது. 2001-இல் வந்த ஒரு கட்டுரையில் ஹேரல்டும் அவருடன் எழுதியவர்களும் தங்களோடு ஒத்துழைத்த ஒரு நிறுவனத்தின் நிலையைப் பதிவு செய்திருக்கிறார்கள்: சுமார் 20,000 வரிகள் கொண்ட ஒரு மென்பொருளுக்கான சோதனைகள் முழுவதையும் ஓட்டி முடிக்க ஏழு வாரம் ஆனது. ஏழு வாரம் காத்திருந்து கிடைக்கும் விடை, விடை கிடைக்காததற்குச் சமம். அதற்குள் நிரல் மறுபடி மாறியிருக்கும். பிழையைக் கண்டுபிடிக்கப் புதுச் சோதனைகளை உருவாக்குவதில் துறையின் கவனம் பெரிதும் குவிந்திருந்த காலத்தில், கையிலுள்ள சோதனைகளின் செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற கேள்வியை ஹேரல்ட் ஆய்வின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ரிக்ரெஷன் டெஸ்டிங் பற்றி லியூங்கும் வைட்டும் 1989-இலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரே சிக்கலை அதன் எல்லா முனைகளிலிருந்தும் இருபது ஆண்டு விடாமல் துருவியவர் என்று பார்த்தால் ஹேரல்டின் பெயர்தான் முன்னால் வருகிறது.

முதல் முனை, சோதனைத் தொகுப்பைச் சுருக்குவது. ராஜீவ் குப்தா, சோஃபா ஆகியோரோடு அவர் 1993-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு வழிமுறையைத் தந்தது. நிரலின் இன்னின்ன பகுதிகள் சோதிக்கப்பட வேண்டும் என்ற தேவைகள் இருக்கின்றன. அவற்றை நிறைவேற்றப் பல சோதனைகள் இருக்கின்றன. எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றும் மிகச் சிறிய தொகுப்பைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது கணிப்பொறிக்கே பெரும்பாடு. ஆகவே அவர்கள் நடைமுறைக்கு ஏற்ற ஒரு வரிசையைச் சொன்னார்கள். ஒரு தேவையை ஒரே ஒரு சோதனைதான் நிறைவேற்றுகிறது என்றால் அதைத் தவிர்க்க வழியில்லை, முதலில் அதை எடுத்துக்கொள். அடுத்து, இரண்டு சோதனைகளால் மட்டும் நிறைவேறும் தேவைகளைப் பார், பிறகு மூன்று. அரிதானதை முதலில் கவனி என்ற இந்த எளிய விதி இன்றும் அந்த மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘எச்ஜிஎஸ்’ என்றே வழங்கப்படுகிறது.

இரண்டாம் முனை, மாற்றத்தால் பாதிக்கப்படக்கூடிய சோதனைகளை மட்டும் தேர்ந்தெடுப்பது. இங்கே கிளெம்சனில் அவருடைய மாணவராக இருந்த கிரெக் ரோதர்மெல் உடன் வருகிறார். 1996-இல் இருவரும் சேர்ந்து, தேர்வு முறைகளை ஒப்பிட ஒரு சட்டகம் வகுத்தார்கள். பிழையை வெளிக்காட்டக்கூடிய சோதனைகளில் எத்தனையை ஒரு முறை உள்ளே சேர்க்கிறது, தேவையற்றவற்றில் எத்தனையை விலக்குகிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது, எந்தெந்தச் சூழலில் அது செல்லும் என்று நான்கு கேள்விகள். 1997-இல் வந்த கட்டுரை, பழைய நிரலின் ஓட்டப்படத்தையும் (அது எந்தெந்த வழியில் ஓடக்கூடும் என்ற வரைபடம்) புதிய நிரலின் ஓட்டப்படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக்கொண்டே போய், இரண்டும் பிரியும் இடத்தைத் தொடும் சோதனைகளைப் பொறுக்கும் வழியைக் காட்டியது. ‘பாதுகாப்பான தேர்வு’ என்ற சொல்லுக்கு இங்கே துல்லியமான பொருள் கிடைத்தது: சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மாற்றத்தால் வந்த பிழையைக் காட்டக்கூடிய ஒரு சோதனையும் விடுபடாது என்ற உறுதி. என் பார்வையில் அவருடைய பணிகளில் கருத்தளவில் ஆழமானது இதுதான். அதில் ஒரு நுட்பம் இருந்ததோடு, மற்ற நுட்பங்களை எடைபோடுவதற்கான மொழியும் இருந்தது.

மூன்றாம் முனை வரிசைப்படுத்துவது. எதையும் நீக்க வேண்டாம். பிழையைச் சீக்கிரம் பிடிக்கக்கூடிய சோதனைகளை முன்னால் ஓட்டு. ஏழு வாரக் கதை வரும் 2001-ஆம் ஆண்டுக் கட்டுரை இதைப் பற்றியது. அதில் பல வரிசை முறைகளை ஒப்பிட்டுப் பார்த்து, மிக எளிய முறைகூடப் பிழை வெளிப்படும் வேகத்தைக் கூட்டுகிறது என்று காட்டினார்கள். சோதனைகள் ஓட ஓடப் பிழைகள் எவ்வளவு விரைவில் வெளிவருகின்றன என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் ஏபிஎஃப்டி என்ற அளவீட்டையும் இந்த ஆய்வு வரிசைதான் நிலைநிறுத்தியது. இன்றும் வரிசைப்படுத்தல் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த அளவீட்டிலோ அதன் திருத்தங்களிலோதான் தங்கள் முடிவுகளைத் தருகிறார்கள்.

இந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஷின் யூவும் மார்க் ஹார்மனும் 2012-இல் ரிக்ரெஷன் டெஸ்டிங் துறை முழுவதையும் அலசி ஒரு பெரிய மதிப்பாய்வு வெளியிட்டார்கள். அதன் தலைப்பே துறையை மூன்றாகப் பிரிக்கிறது: சுருக்கல், தேர்வு, வரிசைப்படுத்தல். அந்த மூன்று கிளைகளின் அடியிலும் ஹேரல்டின் பெயர் தாங்கிய ஒரு கட்டுரை இருக்கிறது. ஒருவரை எத்தனை பேர் சுட்டினார்கள் என்பதைவிட, ஒரு துறை தன்னைத் தானே எப்படிப் பிரித்துக்கொண்டது என்பதில் அவர் கைரேகை இருக்கிறதா என்று பார்ப்பது வலுவான சான்று என்று நான் கருதுகிறேன். எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்பவருக்கு இது தெரியவே தெரியாது. கட்டுரைகளைப் படிக்கிறவருக்குத்தான் தெரியும்.

மேற்கோள் எண்ணின் இயல்பு முழுமையாக வெளிப்படுவது நான்காவது பணியில். ஜேம்ஸ் ஜோன்ஸ், ஜான் ஸ்டாஸ்கோ ஆகியோரோடு 2002-இல் வெளியிட்ட ‘டரான்டுலா’. சோதனைகள் தோற்றுவிட்டன, பிழை எந்த வரியில்? டரான்டுலா சொன்ன விடை எளிமையானது. தோற்ற சோதனைகள் அதிகம் தொட்டு, வென்ற சோதனைகள் குறைவாகத் தொட்ட வரி சந்தேகத்துக்குரியது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சந்தேக மதிப்பு கணக்கிட்டு, திரையில் சிவப்பிலிருந்து மஞ்சள் வழியாகப் பச்சை வரை நிறம் பூசினார்கள். கணக்கு இப்படி: தோற்ற சோதனைகளில் எந்தப் பங்கு இந்த வரியைத் தொட்டது என்று பார், வென்றவற்றில் எந்தப் பங்கு தொட்டது என்று பார், முதல் பங்கை இரண்டு பங்குகளின் கூட்டலால் வகு. பத்துச் சோதனைகளில் இரண்டு தோற்று எட்டு வென்றதாகக் கொள்வோம். தோற்ற இரண்டும், வென்றவற்றில் இரண்டும் ஒரு வரியைத் தொட்டால் அதன் மதிப்பு 1-ஐ 1.25-ஆல் வகுத்தது, அதாவது 0.8. எல்லாச் சோதனைகளும் தொட்ட வரிக்கு 0.5. பிழை இருக்கும் இடம் சிவந்து தெரியும் என்பது எதிர்பார்ப்பு. இந்தத் திசையில் முன்பே நடந்தவர்களும் உண்டு; நிரல் ஓடும் தடங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை 1990-களிலேயே பல ஆய்வகங்களில் நடந்தது, ஹேரல்டின் குழுவும் அதில் ஈடுபட்டிருந்தது. டரான்டுலா செய்தது, அந்தத் தடங்களை ஒரு பள்ளி மாணவர் கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு வாய்பாடாக மாற்றியது.

இப்போது மேற்கோள்களின் தன்மையைப் பார்ப்போம். 2005-இல் ஜோன்ஸும் ஹேரல்டும் ‘சீமென்ஸ் தொகுப்பு’ என்று அழைக்கப்படும் ஏழு சிறு சி நிரல்களில் டரான்டுலாவை அன்றைய மற்ற முறைகளோடு ஒப்பிட்டார்கள். பிழையுள்ள பதிப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், நிரலில் பத்தில் ஒரு பங்கைப் பார்ப்பதற்குள் பிழையை எட்ட முடிந்தது. ஒப்பிட்ட மற்ற எந்த முறையும் இந்த அளவுக்கு வரவில்லை. அன்றிலிருந்து பிழையிடம் காணும் புது முறை எதையும் முன்வைக்கிறவர் முதலில் டரான்டுலாவைத் தோற்கடித்தாக வேண்டும் என்றாகிவிட்டது. ரூய் அப்ரேயுவும் உடனாய்வாளர்களும் மூலக்கூறு உயிரியலில் புழங்கிய ஓச்சியாய் என்ற ஒற்றுமைக் குறியீட்டை எடுத்துவந்து, அது டரான்டுலாவை விஞ்சுகிறது என்று காட்டினார்கள். ஏன் விஞ்சுகிறது என்பதை மேலே சொன்ன பத்துச் சோதனைகளிலேயே பார்க்கலாம். தோற்ற இரண்டில் ஒன்று மட்டும் தொட்டு, வென்ற எதுவும் தொடாத வரி ஒன்று இருந்தால் டரான்டுலா அதற்கு முழு மதிப்பாகிய 1 தரும். தோற்ற இரண்டுமே தொட்ட வரியோ 0.8-இல் பின்தங்கும். ஒரே ஒரு தோல்வியைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத வரி முந்திக்கொள்கிறது. ஓச்சியாய் வாய்பாட்டில் இரண்டுமே ஏறத்தாழ 0.71 என்று சமமாக வருகின்றன. இந்தக் குறையைக் கண்டுபிடித்த ஒவ்வொருவரும், அதைத் திருத்திய ஒவ்வொருவரும், திருத்தத்தைத் திருத்திய ஒவ்வொருவரும் டரான்டுலாவைச் சுட்டினார்கள். ஆக, அந்தக் கட்டுரையின் மேற்கோள் எண்ணில் கணிசமான பங்கு, அதைவிடச் சிறந்தது எங்களிடம் இருக்கிறது என்று சொல்ல வந்தவர்களுடையது.

இன்னும் கடினமான சான்று 2011-இல் வந்தது. ஜார்ஜியா டெக்கிலேயே ஹேரல்டோடு நெருங்கிப் பணியாற்றிய அலெஸாண்ட்ரோ ஓர்ஸோ, கிறிஸ் பார்னின் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, தானியங்கிப் பிழைதேடல் நிரலாளருக்கு உண்மையில் உதவுகிறதா என்று ஆட்களை வைத்துச் சோதித்தார். டரான்டுலா தரும் பட்டியலைக் கொடுத்து டெட்ரிஸ் விளையாட்டிலும் நானோஎக்ஸ்எம்எல் என்ற மென்பொருளிலும் பிழை தேடச் சொன்னார்கள். எளிய வேலையில் தேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் வேகம் கூடியது. கடினமான வேலையில் பயன் தெரியவில்லை. பிழையுள்ள வரி பட்டியலில் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மனிதர்கள் பட்டியலை வரிசையாகப் படிப்பதில்லை. பிழையுள்ள வரியைக் கண்ணால் பார்த்தவுடன் அது பிழை என்று புரிந்துவிடுவதும் இல்லை. துறை முழுவதும் கையாண்டுவந்த ‘நிரலில் எத்தனை சதவீதம் படிக்க வேண்டும்’ என்ற அளவீடே நடைமுறைக்குப் பொருந்தாது என்றும் அவர்கள் சொன்னார்கள். லட்சம் வரி நிரலில் ஒரு சதவீதம் என்பது ஆயிரம் வரி. பிறகு 2017-இல் ஸ்பென்சர் பியர்சனும் உடனாய்வாளர்களும் 2,995 செயற்கைப் பிழைகளிலும் 310 உண்மைப் பிழைகளிலும் பழைய ஒப்பீடுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். செயற்கைப் பிழைகளில் ஒன்றை ஒன்று விஞ்சியதாகத் தெரிந்த முறைகளிடையே, உண்மைப் பிழைகளில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோனது. பதினைந்து ஆண்டு ‘நான் உன்னைவிட மேல்’ போட்டியில் ஒரு பெரும்பகுதி, செயற்கைப் பிழைகளின் மீது கட்டப்பட்டது என்று பொருள்.

இங்கே ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: அப்படியானால் இந்த ஆயிரம் ஆயிரம் மேற்கோள்கள் வெறும் காற்றா? தோற்கடிக்க வந்தவர்களின் பெயர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? நான் அப்படிக் கருதவில்லை. அளவுகோலாவது எளிதில் கிடைக்கும் நிலை அல்ல. மற்றவர்கள் தங்கள் வேலையை உங்கள் வேலையோடு ஒப்பிட வேண்டுமென்றால், நீங்கள் சொன்னதை அவர்கள் தங்கள் ஆய்வகத்தில் அப்படியே திரும்பச் செய்ய முடிய வேண்டும். டரான்டுலாவை ஒரு மாணவர் ஒரே நாளில் எழுதி ஓட்டிவிடலாம். 1993-ஆம் ஆண்டு விதியும் அப்படித்தான். பாதுகாப்பான தேர்வுக்கான நான்கு கேள்விகள் எந்த முறைக்கும் பொருந்தின. சோதிக்கப் பயன்படுத்திய நிரல்களும் பிழைகளும் பொதுவில் பகிரப்பட்டன. ரோதர்மெலும் சக ஆய்வாளர்களும் பின்னாளில் அவற்றை ஒரு களஞ்சியமாகவே அமைத்தார்கள். அதே காலத்தில் நுணுக்கம் மிகுந்த எத்தனையோ முறைகள் வெளிவந்தன. திரும்பச் செய்ய முடியாததால் அவற்றைச் சுட்டவும் ஆளில்லை, தோற்கடிக்கவும் ஆளில்லை. ஒருவரைத் தோற்கடிக்கப் பலர் வந்தார்கள் என்றால், தோற்கடிக்கக்கூடிய அளவுக்குத் தெளிவாக அவர் பேசியிருக்கிறார். அறிவியலில் இந்தத் தெளிவுக்கு நான் மிகுந்த மதிப்பு வைத்திருக்கிறேன். பியர்சன் குழுவின் மறுப்பேகூட அந்தத் தெளிவின் விளைவுதான்.

எண்ணுக்கு எட்டாத இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சோதனைத் தொகுப்பைச் சுருக்கும் வழியைத் தந்தவர்களில் ஒருவராகிய ஹேரல்ட், ஐந்து ஆண்டு கழித்து, ரோதர்மெலோடும் இன்னும் இருவரோடும் சேர்ந்து அந்தச் சுருக்கலுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று கேட்டார். வோங், மாத்தூர் முதலானோர் 1995-இல் செய்த ஆய்வு, சுருக்கினால் பிழை பிடிக்கும் திறன் பெரிதாகக் குறைவதில்லை என்று ஆறுதல் சொல்லியிருந்தது. 1998-இல் வந்த ஹேரல்ட் குழுவின் முடிவு நேர் எதிரானது: சுருக்கிய தொகுப்புகள் பிழை பிடிக்கும் திறனைக் கடுமையாக இழக்கக்கூடும். தன் பெயரில் நிலைபெற்ற ஒரு வழிக்கு எதிரான சான்றைத் தானே பதிப்பிப்பதற்கு ஒரு நேர்மை வேண்டும். மேற்கோள் கணக்கில் 1993-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு பக்கம், 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னொரு பக்கம் என்று இரண்டும் கூட்டலாகத்தான் விழுகின்றன. இரண்டாவது முதலாவதை எவ்வளவு மாற்றியது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

தொழில்துறையின் கதை வேறு. அங்கே கருத்து போய்ச் சேருகிறது, பெயர் போய்ச் சேருவதில்லை. மைக்ரோசாஃப்ட்டில் ஸ்ரீவாஸ்தவாவும் தியாகராஜனும் 2002-இல் விவரித்த ‘எஷலான்’, மாற்றம் தொட்ட பகுதிகளைப் பார்த்து விண்டோஸ் போன்ற பெரும் நிரலின் சோதனைகளை வரிசைப்படுத்தியது. ரோதர்மெல் 2014-இல் கூகுள் பொறியாளர் ஒருவரோடு சேர்ந்து அங்குள்ள தொடர்சோதனைச் சூழலில் தேர்வும் வரிசைப்படுத்தலும் எப்படி அமைய வேண்டும் என்று எழுதினார். மிலோஸ் கிலிகோரிச்சும் உடனாய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ‘எக்ஸ்டாசி’, வரிவரியாக ஒப்பிடுவதை விட்டுவிட்டுக் கோப்பு அளவில் மட்டும் சார்புகளைப் பார்த்தது. தேர்வின் துல்லியம் குறைந்தாலும் மொத்த நேரம் மிச்சமானது. அப்பாச்சி திட்டங்கள் சிலவற்றில் அது பயன்பாட்டுக்கும் வந்தது. பாதுகாப்பு என்ற கருத்து அப்படியே நின்றது, 1997-ஆம் ஆண்டு நுட்பம் கழன்றுபோனது. ஃபேஸ்புக் இன்னும் ஒரு படி தள்ளிப் போய், முழுப் பாதுகாப்பையே கைவிட்டு, எந்தச் சோதனை தோற்கக்கூடும் என்று கணிக்கும் எந்திரக் கற்றல் முறையைக் கொண்டுவந்தது. சோதனைச் செலவு பாதியாகும், தனித்தனித் தோல்விகளில் 95 சதவீதத்துக்கு மேல் பிடிபடும் என்பது அவர்கள் தந்த கணக்கு. ‘விடுபட்டவை எத்தனை’ என்று அவர்கள் கேட்டது 1996-ஆம் ஆண்டுச் சட்டகத்தின் முதல் கேள்விதான். இந்தக் கருவிகளை அன்றாடம் ஓட்டும் பொறியாளர்கள் கட்டுரை எழுதுகிறவர்கள் அல்லர், ஆகவே மேற்கோளும் தருவதில்லை. ஒரு கருத்து எல்லோருக்கும் பொதுச்சொத்து ஆகும்போது அதன் ஆசிரியர் பெயர் உதிர்ந்துபோவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் விரிவாகப் பேசியிருக்கிறார். ஆழமாகப் போய்ச் சேர்ந்த கருத்துக்கு மேற்கோள் குறையலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் பெருங்குறை.

கணக்கிடும் முறையிலேயே உள்ள கோளாறுகளையும் கொஞ்சம் பார்ப்போம். யூஜின் கார்ஃபீல்ட் 1964-இல் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை இதழ்களை மையமாகக் கொண்டது. கணினியியலிலோ முதன்மையான முடிவுகள் மாநாடுகளில்தான் வெளியாகின்றன. டரான்டுலா பற்றிய இரண்டு கட்டுரைகளுமே மாநாட்டுக் கட்டுரைகள். எந்தத் தரவுத்தளத்தைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஆளின் எண் பல மடங்கு மாறும். கூட்டாசிரியர் சிக்கல் இன்னும் ஆழமானது. வரிசைப்படுத்தல் பற்றிய 2001-ஆம் ஆண்டுக் கட்டுரையில் நான்கு ஆசிரியர்கள். ஹேரல்டின் பெயர் கடைசி. டரான்டுலாவில் மூவரில் இரண்டாவது. இவற்றில் அவர் பங்கு எவ்வளவு என்று எண்ணைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. மாணவர்களின் உழைப்பை ஆசிரியர் கணக்கில் வரவு வைக்கிறோமோ என்று சிலர் ஐயப்படலாம். ஆனால் இங்கே மறுபக்கச் சான்று பலமாக இருக்கிறது. அவரோடு சேர்ந்து எழுதியவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்: குப்தாவும் சோஃபாவும் ஒரு கட்டத்தில், ரோதர்மெல் அடுத்த கட்டத்தில், ஜோன்ஸ் பிறகு. கேள்வி மட்டும் மாறவில்லை. முனைவர் பட்ட ஆய்விலேயே அவர் எடுத்துக்கொண்டது, மாற்றத்துக்கு ஏற்பப் படிப்படியாகச் சோதிப்பதுதான். மாறும் கைகளுக்கு நடுவே மாறாமல் நிற்கும் கேள்வி யாருடையது என்று கேட்டால் விடை தெளிவு. மாணவர்கள் முன்னால் நின்றதும், பின்னாளில் நெப்ராஸ்காவிலும் இர்வைனிலும் தங்கள் ஆய்வகங்களை நிறுவியதும், நல்ல ஆசிரியர் ஒருவர் பின்னால் இருந்ததைத்தான் காட்டுகிறது.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இனிதான் வருகிறது. எண்களை விமர்சிப்பது எளிது. ஆனால் எண்களை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வரும்? பரிந்துரைக் கடிதங்களும், பெரிய பல்கலைக்கழகங்களின் பெயர்களும், யாருக்கு யாரைத் தெரியும் என்ற வலைப்பின்னலும்தான். புகழ்பெற்ற ஆய்வகத்திலிருந்து வராத, நடுவயதில் துறைக்குள் நுழைந்த ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியைக்கு, அதுவும் பெண்கள் குறைவாக இருந்த ஒரு துறையில், அந்த வலைப்பின்னல் எவ்வளவு துணைநின்றிருக்கும்? யாராலும் மறுக்க முடியாத எண் ஒன்று அப்படிப்பட்டவருக்குக் கேடயம். இந்த வாதத்தை நான் முழு மதிப்போடு ஏற்கிறேன். கேடயமாக எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கவனத்துக்குரியவர் என்று சொல்ல அது போதும். இருவரில் யார் மேல் என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது. அதற்கு அந்த மேற்கோள்களில் சிலவற்றையாவது திறந்து, இவர் அங்கே எதற்காகச் சுட்டப்படுகிறார் என்று படித்துப் பார்க்க வேண்டும். அடித்தளமாகவா, ஒப்பீட்டுக்காகவா, சம்பிரதாயத்துக்காகவா? ஒரு தேர்வுக் குழு ஓர் ஆளுக்கு இருபது மேற்கோள்களை இப்படிப் படிக்க அரை நாள் போதும். ஹேரல்டே கணினித்துறைப் பெண் ஆய்வாளர்களுக்கான சிஆர்ஏ-டபிள்யூ அமைப்பின் தலைமைப் பொறுப்புகளில் பல ஆண்டுகள் உழைத்தார். இளம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டும் ஏற்பாடுகளில் நேரம் செலவிட்டார். அந்த நேரத்தில் இன்னும் சில கட்டுரைகள் எழுதியிருந்தால் எண் கூடியிருக்கும். வலைப்பின்னல் இல்லாதவர்களுக்கு ஒரு வலைப்பின்னலைக் கட்டித்தருவது எந்தத் தரவுத்தளத்திலும் ஏறாத வேலை.

பெரிய மொழி மாதிரிகளைக் கொண்டு பிழையிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வுகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றிலும் முடிவுகளைத் தரும் அட்டவணையில், புது முறைக்கு முன்னால், பழைய வகை முறை ஒன்று ஒப்பீட்டுக்காக நிற்பதைப் பார்க்கலாம். பல இடங்களில் அந்த வரிசையில் இருப்பது டரான்டுலா அல்ல, ஓச்சியாய். ஓச்சியாயை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் டரான்டுலாவை வைத்துத்தான் அளந்தார்கள் என்பது அட்டவணையில் தெரியாது. சில கட்டுரைகளில் மேற்கோள் பட்டியலிலும் இருக்காது. தோற்ற சோதனைகள் தொட்ட வரிகளை முதலில் பார் என்ற யோசனை மட்டும், சிவப்பும் பச்சையும் இல்லாமல், அந்த எண்களுக்குள் இருக்கிறது.